அப்பா அம்மா பிரிந்தால் வீட்டில் என்ன ஆகும்? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துப் பள்ளிகளில் 27 வருடம் பாடம் நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, வழக்குக்காக வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் போகிற பெண்களுக்குத் துணையாகப் போய்வருகிறேன், சில சமயம் ஆண்களுக்கும். பஸ்ஸில், ஜெராக்ஸ் கடை வாசலில், டீ குடிக்கும்போது என்று எங்கே போனாலும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி ஒருநாள் உட்கார்ந்து எழுதிவிட்டேன். நான் வக்கீலும் இல்லை, டாக்டரும் இல்லை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன், ஆள் யாரென்று தெரியாதபடி ஊரையும் வேலையையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

டீச்சர், நான் அம்மா வூட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆவுது. பஞ்சாயத்துல வச்சு தீர்த்து எழுதியும் குடுத்துட்டாங்க. இதுக்கு மேல கோர்ட்டுல வேற வாங்கணுமா?

வாங்க வேண்டும். பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து முத்திரைத்தாளில் "இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாலும் சட்டப்படி நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். எங்கள் சாதியில் தீர்த்துவிடுகிற வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது என்று நிரூபித்தால் இந்து திருமணச் சட்டம் அதை ஏற்கும், ஆனால் அதை நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்தத் தாளை நம்பி ஒருவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அது செல்லாது, குற்றமும்கூட.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க விவாகரத்தானவர்கள் என்று பதிவானவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு பேர் பிரிந்து வாழ்கிறவர்கள் என்று பதிவாகியிருக்கிறார்கள். நம் பக்கத்தில் நான் பார்த்ததும் அதுதான். வழக்கும் இல்லை, வாழ்க்கையும் இல்லை, பத்து வருடம் அப்படியே ஓடிவிடும். அப்பா வருவாரா மாட்டாரா என்று பிள்ளைக்கு யாரும் சொல்லாத வருடங்கள் அவை. நான் பார்த்த பிள்ளைகள் அதிகம் தவித்தது அந்த வருடங்களில்தான்.

ரெண்டு பேருக்கும் சம்மதம்னா எத்தினி நாள்ல முடியும்?

ஒரு வருடமாவது பிரிந்திருந்தால் இருவரும் சேர்ந்து மனு போடலாம், இந்து திருமணச் சட்டத்தில் அது 13பி பிரிவு. முதல் மனுவுக்கும் இரண்டாவது கட்டத்துக்கும் நடுவில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவர் மறுத்தால் வருடக்கணக்காக இழுக்கும்.

நான்தானே வேணாம்னு வந்தேன்? அப்புறம் ஏன் டீச்சர் ராத்திரி ஆனா அழுகையா வருது?

வேண்டாம் என்று வந்தது அவருடைய அடியை, குடியை, பேச்சை. கூடவே ஒரு வீடு, தெருவில் பழகிய முகங்கள், "இன்னாரு சம்சாரம்" என்று இருந்த ஒரு இடம், கல்யாணத்தன்று மனசில் கட்டிய கணக்கு எல்லாம் போய்விட்டது, அதற்குத்தான் அழுகை. 1967இல் அமெரிக்காவில் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் எந்த மாற்றம் உடம்பை எவ்வளவு உலுக்கும் என்று ஒரு அளவுகோல் போட்டார்கள். துணை இறப்பதற்கு 100 புள்ளி. அடுத்தபடி விவாகரத்து, 73. பிரிந்து வாழ்வதற்கு 65. சிறைக்குப் போவதற்கே 63தான் கொடுத்திருக்கிறார்கள். ஆக, சாவு வீட்டுக்கு அடுத்த கனம் இதற்கு. ஆனால் சாவு வீட்டுக்கு ஊரே வரும், சாப்பாடு வரும், பதினாறு நாள் யாராவது கூட இருப்பார்கள். இதற்கு யாரும் வருவதில்லை. வந்தாலும் "கொஞ்சம் அனுசரிச்சிருக்கலாமே" என்று சொல்லத்தான் வருகிறார்கள்.

தூக்கம், பசி இரண்டும் இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டாலோ, செத்துவிடலாம் என்று ஒருமுறை தோன்றினால்கூட, தள்ளிப்போடாதீர்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது, 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பாகாயம் என்றாலே "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்று பேசி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பேச்சுக்குப் பயந்து போகாமல் இருந்துவிட்ட ஒரு பெண்ணை நான் இழந்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நினைச்சுக்கினு இருக்கீங்களா?

இப்படிக் கேட்டவர் ஒரு பழைய ராணுவக்காரர். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கிற ஊர்கள் உண்டு, வருடத்தில் பத்து மாதம் எல்லையில் இருந்துவிட்டு வருகிறவருக்குப் பிரிவு பழக்கம்தானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் சொன்னது: "லீவு முடிஞ்சு போறப்போ திரும்பி வர ஒரு வூடு இருக்குதுன்னு போவோம். இப்ப எங்க போறது?"

ஆண்கள் அழுவதில்லை, குடிக்கிறார்கள். சமைக்கத் தெரியாமல் கடைச் சாப்பாட்டில் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நண்பர்களிடம் சொன்னால் கேலி செய்வார்கள் என்று வாயைத் திறப்பதில்லை. எல்லாவற்றையும்விட, பிள்ளையோடு தினமும் இருந்த பழக்கம் வாரத்தில் இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட, அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக வருவதையே நிறுத்திவிடுகிறார்கள், பிள்ளையோ அப்பாவுக்குத் தன் மேல் பாசமில்லை என்று முடிவு செய்துவிடுகிறது. மேலே சொன்ன 14416 ஆண்களுக்கும்தான்.

சம்பளம் பத்தல. ஜீவனாம்சம் கேட்டா "பணத்துக்காகத்தான் பிரிஞ்சா"ன்னு பேசறாங்க. கேக்கலாமா?

கேளுங்கள். ஒரு அடுப்பு எரிந்த வருமானத்தில் இப்போது இரண்டு அடுப்பு எரிய வேண்டும், அதுவும் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போய்வருகிற பெண்ணின் சம்பளத்தில் வாடகை, பிள்ளையின் ஃபீஸ், வயதான அம்மாவின் மாத்திரை மூன்றையும் பார்க்க முடியாது. ஜீவனாம்சம் கேட்பதற்கான பிரிவு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144ஆவது பிரிவு. விவாகரத்து வழக்கு நடக்கும்போதே இடைக்காலத் தொகையும் கேட்கலாம். இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாய்வீட்டில் போட்ட நகை, சீர் உங்களுடையது, திருப்பிக் கேட்க உரிமை உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார், எண் 15100. கைவிடப்பட்ட பெண் என்ற சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

பிள்ளைங்களுக்காகப் பொறுத்துக்கினு இருன்னு எங்கம்மா சொல்றாங்க. அதான் சரியா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். அடி விழுகிற வீடு என்றால் எனக்கு யோசனையே இல்லை, வெளியே வந்துவிடுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், மகளிர் காவல் நிலையம் போகலாம், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். அந்தச் சட்டத்தில் அதே வீட்டில் இருக்கும் உரிமையைக்கூடக் கேட்டு வாங்க முடியும்.

அடி இல்லை, ஆனால் ஓயாத சண்டை என்றால்? 1991இல் அமேட்டோ, கீத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்திருந்த 92 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விவாகரத்தான வீட்டுப் பிள்ளைகள் படிப்பிலும் நடத்தையிலும் மனநிலையிலும் சராசரியில் கொஞ்சம் பின்தங்கியிருந்தது உண்மை, ஆனால் வித்தியாசம் சிறியது. பிரியாமலே ஓயாமல் சண்டை போடுகிற வீட்டுப் பிள்ளைகள் அவர்களைவிட மோசமாக இருந்தார்கள். ஹெதரிங்டன் என்ற உளவியலாளர் ஏறத்தாழ 1,400 குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்துச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: பிரிந்த வீடுகளில் நாலில் ஒரு பிள்ளைக்கு நீடித்த கஷ்டம், பிரியாத வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு. அதாவது நாலில் மூன்று பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுகின்றன. இதெல்லாம் வெளிநாட்டுக் குடும்பங்களில் எடுத்தது, அங்கே பாட்டி தாத்தா கூட இருப்பது குறைவு, ஊர்வாயும் குறைவு, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். சண்டையே வெளியே தெரியாத வீடு ஒருநாள் திடீரென்று உடைந்தால் பிள்ளைக்கு அதிர்ச்சி கூடுதல் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சலிப்பு, மாமியார் பேச்சு, பணத் தகராறு மட்டும்தான் காரணம் என்றால் குடும்பநல நீதிமன்றத்திலேயே ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஒருமுறை உட்கார்ந்து பேசிப் பாருங்கள். பேசித் தீர்ந்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா துபாய்ல கீறாருன்னு புள்ளைகிட்ட சொல்லி வச்சிருக்கோம். இப்ப எப்படி மாத்தி சொல்றது?

துபாய், சவுதி, சிங்கப்பூர் எல்லாம் என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்கள் இருந்த ஊர்கள்தான், அதில் பாதிப் பேர் நிஜமாகவே அங்கே இருந்தார்கள். மீதிப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புக்குள் யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள், பெரும்பாலும் சண்டையில். அப்போது அப்பா போனதைவிட அம்மா பொய் சொன்னது பெரிதாக வலிக்கும்.

முடிந்தால் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள், இல்லையென்றால் ஒருவர் சொன்னாலும் போதும். நாலு வரி போதும். "அப்பாவும் அம்மாவும் இனிமே ஒரே வீட்டில இருக்க மாட்டோம். இது உன்னால இல்ல. உனக்கு அப்பா அப்பாதான், அம்மா அம்மாதான். நீ இந்தப் பள்ளிக்கூடத்துக்கேதான் போவ." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், பிள்ளை முதலில் பயப்படுவது அதற்குத்தான். எந்த ஊர், எந்த ஸ்கூல், யார் கொண்டுவந்து விடுவார்கள்? இதற்கெல்லாம் பதில் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

எம்புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, நல்லா விளையாடிக்கினுதான் இருக்குது. அப்ப பாதிப்பு இல்லைன்னு அர்த்தமா?

மூன்று நாலு வயதுக் குழந்தை சொல்லத் தெரியாமல் மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பிக்கும், விட்ட பால் புட்டியைக் கேட்கும், நீங்கள் பாத்ரூம் போனாலும் கதவடியில் நிற்கும். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் இருப்பவர்கள் தான் செய்த ஏதோ ஒன்றுதான் காரணம் என்று நம்புவார்கள். "நான் ரிமோட்டை உடைச்சேன், அப்பா கோவிச்சுக்கினு போயிட்டாரு" என்று ஒரு பெண் குழந்தை என்னிடம் சொன்னாள், அது நடந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது, அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பத்து வயதுக்கு மேல் கோபம் வரும், ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு மறுபக்கத்தைப் பார்க்க மறுப்பார்கள். பதினைந்து, பதினாறில் சிலர் வீட்டிலேயே தங்க மாட்டார்கள், சிலர் திடீரென்று பெரிய மனிதர் ஆகி தம்பி தங்கையை வளர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த இரண்டாவது வகைப் பிள்ளையை எல்லோரும் பாராட்டுவார்கள். நான் அதிகம் கவலைப்பட்டது அவர்களைப் பற்றித்தான்.

சனிக்கெழமை அவர்கிட்ட அனுப்பினா புள்ளை மனசை மாத்திடறாங்க. அனுப்பாம வச்சுக்கலாமா?

அடி, குடி, ஆபத்து இருந்தால் நீதிமன்றத்திடம் சொல்லி மாற்றுங்கள். மற்றபடி அனுப்புங்கள். பார்க்கும் நேரத்தை நீதிமன்றம் குறித்திருந்தால் அதை மீறுவது உங்கள் வழக்கையே கெடுக்கும்.

ஆறாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வாரநாளில் அம்மாவோடு குடியாத்தத்தில், சனி ஞாயிறு அப்பாவோடு காட்பாடியில். ஒருநாள் கணக்கு நோட்டு திருத்தும்போது கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் "அப்பாகிட்ட", இன்னொரு பக்கம் "அம்மாகிட்ட" என்று தலைப்பு. மறந்துவிடக் கூடாதென்று எழுதி வைத்திருக்கிறான். "டியூஷன் ஃபீஸ் 600. அம்மா கேட்டாங்க, முடிஞ்சா குடுங்கப்பா." விசாரித்தபோதுதான் தெரிந்தது, அம்மா சொல்லியனுப்பியது "அந்த ஆளு குடிக்கிற காசுல 600 ரூபா குடுக்கச் சொல்லு" என்பது. மறுபக்கமும் அப்படியே. அங்கே திட்டினதை இங்கே நல்ல வார்த்தையாக மாற்றி, இரண்டு பேரும் கோபப்படாதபடி எழுதி மனப்பாடம் செய்துகொண்டு பஸ் ஏறியிருக்கிறான், பதினோரு வயதுப் பிள்ளை. கணக்கில் மார்க் குறைந்ததற்குத்தான் நான் அவனைக் கூப்பிட்டிருந்தேன்.

அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதுதான். பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். ஃபீஸ் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் நீங்களே கேளுங்கள், பேசப் பிடிக்காவிட்டால் உங்கள் அண்ணனை விட்டுக் கேளுங்கள். திரும்பி வந்த பிள்ளையிடம் "அங்க யாரு வந்தாங்க, ஆயா என்ன சொன்னாங்க" என்று துருவாதீர்கள், சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். அந்த வீட்டில் சிரித்ததை இந்த வீட்டில் சொல்ல முடிகிற பிள்ளைக்குத்தான் இரண்டு வீடும் வீடாக இருக்கும்.

அஞ்சு வயசு தாண்டினா புள்ளை அப்பாவுக்குத்தான்னு வக்கீலு சொல்றாராமே?

இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டம் சொல்வது, ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்கட்டும் என்பது. அதற்கு மேல் தானாக அப்பாவிடம் போய்விடும் என்று எங்கும் இல்லை. பிள்ளையின் நலன் எங்கே என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார், விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார். தாயும் இயற்கைக் காப்பாளர்தான் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நீதிபதி கேட்பார் என்பதற்காக என்ன சொல்ல வேண்டுமென்று பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கூட்டிவராதீர்கள், அதுவும் முன்னே சொன்ன தூதுதான்.

அப்பா சொத்தில் பங்கு போய்விடுமா என்றும் கூடவே கேட்பார்கள். போகாது. அறுபடுவது கணவன் மனைவி உறவு மட்டும்தான்.

ஸ்கூல்ல சொல்லணுமா? சொன்னா புள்ளையை வேற மாதிரி பார்ப்பாங்களே.

வகுப்பாசிரியர் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம், அவசரத்துக்கு எந்த எண், இது இரண்டும் அவருக்குத் தெரிய வேண்டும். சில ஆசிரியர்கள் வகுப்பிலேயே "உங்கப்பா ஏன் கையெழுத்துப் போடல" என்று கேட்டுவிடுவதை நானே பார்த்திருக்கிறேன், என்னோடு வேலை பார்த்தவர்களே கேட்டிருக்கிறார்கள், அன்று நான் தடுக்காமல் இருந்தது இன்றும் உறுத்துகிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி வராது. பிள்ளை தானே பேச விரும்பினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

நாங்க முஸ்லிம், மேல்விஷாரம். எங்களுக்கு ஜமாஅத்துதானே, இதெல்லாம் பொருந்துமா?

பிரிகிற முறை வேறு, கணவன் சொல்கிற தலாக், மனைவி கேட்டுப் பிரிகிற குலா என்று உங்கள் சட்டப்படி. ஒரே மூச்சில் மூன்று தலாக் சொல்வது 2019 சட்டத்தால் செல்லாது, குற்றம். பெண் கேட்டு நீதிமன்றம் மூலம் பிரிய 1939ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. மேலே சொன்ன ஜீவனாம்சப் பிரிவில் விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம், பதிவுத் திருமணமாகக் கலப்புமணம் செய்தவர்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம். குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொது. பிள்ளைகளைப் பற்றி நான் எழுதிய எதுவும் மதம் பார்த்து மாறாது.

வேற கல்யாணம் பேசறாங்க. புள்ளை அவரை "அப்பா"ன்னு கூப்பிட மாட்டேங்குறான். அடிச்சுச் சொல்லலாமா?

வேண்டவே வேண்டாம். அவனுக்கு அப்பா இருக்கிறார், அந்த வார்த்தை ஏற்கனவே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. மாமா என்றோ, அவனுக்கு வாயில் வருகிற வேறு எதுவோ இருக்கட்டும். புதிதாக வருகிறவர் முதல் ஒரு வருடம் கண்டிக்கிற வேலையை உங்களிடமே விட்டுவிட்டு, சைக்கிளுக்குக் காற்றடிப்பது, மழைநாளில் பள்ளியில் கொண்டுபோய் விடுவது என்று கூட நின்றாலே போதும். பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வா என்று சொல்லிப் பேசுகிற சம்பந்தம் என்றால் யோசியுங்கள், ஒருமுறைக்குப் பத்துமுறை.

பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். பத்திரிகையில அவர் பேர் போடணுமா, தாரை வார்க்க யார் உக்காருறது? பதினாலு வருஷமா அந்த ஆளு எட்டிப் பாக்கல.

ஊரே ஆளுக்கு ஒன்று சொல்லும். மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள், உங்கள் அண்ணன் கோபப்படுவார், உங்களுக்கும் பதினாலு வருட ஆத்திரம் இருக்கும், நியாயமான ஆத்திரம்தான். பிள்ளையை வளர்த்தது நீங்கள், நீங்களே தாரை வார்த்துக் கொடுக்கலாம், தாய்மாமனை உட்கார வைக்கலாம், பெரியப்பா உட்காரலாம், பிரிந்தவர்களே அந்த அரை மணி நேரம் மணையில் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கு விஷயத்தை நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் அதுவே பேச்சாகிவிடும்.

போன தை மாதம் இதே கேள்வியோடு வந்த ஒரு அம்மாவிடம், பெண்ணைக் கேட்டீர்களா என்றேன். அவளுக்கு என்ன தெரியும் என்றார். சாயங்காலம் அவளே எனக்குப் போன் செய்தாள். "டீச்சர், அவர் மணையில உக்கார வேணாம். ஆனா பேர் மட்டும் இருக்கட்டும். அம்மாகிட்ட நான் கேட்டா அழுவாங்க, நீங்க சொல்றீங்களா?" மாட்டேன் என்றேன், மறுபடியும் ஒரு தூதா என்று. வீட்டுக்குப் போய் அவளையும் அம்மாவையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டுக் காபி போட உள்ளே போனேன். அதனால் பத்திரிகை மாதிரியை அச்சகத்தில் கொடுப்பதற்கு முன்னால் பெண்ணிடம் தனியாக ஒருமுறை காட்டுங்கள்.